‘இனி எதற்கு இந்தப் படகு?’ - சான் பிரான்சிஸ்கோவைக் காப்பாற்றிய ‘பீனிக்ஸ்’!

1989-ம் ஆண்டு, அக்டோபர் 17. மாலை மணி 5.04.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரமே அன்று பேஸ்பால் ஜுரத்தில் இருந்தது. உள்ளூர் அணியும், விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாந்து அணியும் ‘வேர்ல்ட் சீரிஸ்’ போட்டியில் மோதும் நாள். மைதானம் நிரம்பியிருந்தது. டிக்கெட் கிடைக்காதவர்கள் டி.வி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்க இன்னும் சில நிமிடங்களே இருந்தபோது, பூமி குலுங்கியது. சுமார் 15 விநாடிகள்தான். அளவு 6.9.

நகரின் வடக்கு ஓரத்தில், விரிகுடாவை ஒட்டி ‘மரீனா’ என்று ஒரு குடியிருப்புப் பகுதி உண்டு. அழகான, வசதியான வீடுகள். ஆனால், அடியில் இருப்பது இயற்கையான நிலம் அல்ல. ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடத்தை மணலும் மண்ணும் கொட்டி நிரப்பி, 1915-ல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். கண்காட்சி முடிந்ததும் வீடுகள் வந்தன. நிலநடுக்கம் வந்தபோது ஈரம் ஊறிய அந்த மண், கூழாகிவிட்டது. வீடுகள் சரிந்தன. பூமிக்கடியில் போன கேஸ் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் துண்டு துண்டாக முறிந்தன.

பீச் தெருவும் டிவிசடேரோ தெருவும் சந்திக்கும் மூலையில், சரிந்து கிடந்த நான்கு மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன. வீரர்கள் ஓடிப்போய் தெருவோர ஹைட்ரன்ட்டில் குழாயை மாட்டித் திருகினார்கள்.

சொட்டுத் தண்ணீர் இல்லை!

இரண்டு தெரு தள்ளிப் போனால் அலையடிக்கும் விரிகுடா. இங்கே தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை. இந்த அவலம் அந்த ஊருக்குப் புதிதல்ல. 83 வருடங்களுக்கு முன்பு இதே காட்சியைப் பார்த்துத்தான் ஊரே சாம்பலானது.

பழைய கணக்கு

சான் பிரான்சிஸ்கோவுக்கும் தீக்கும் பிறந்ததிலிருந்தே பகை. தங்கம் தேடி வந்த கூட்டம், மரப்பலகையும் துணியும் வைத்து அவசர அவசரமாகக் கட்டிய ஊர் அது. 1849 டிசம்பரிலிருந்து 1851 ஜூன் வரையிலான ஒன்றரை ஆண்டுகளில் ஆறு முறை பெருந்தீ. ஒவ்வொரு முறையும் எரிந்த இடத்திலேயே மறுபடி கட்டினார்கள். சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையை நகர முத்திரையில் வைத்துக்கொண்டது சும்மா அழகுக்காக அல்ல.

அந்தக் காலத்திலேயே தெருச் சந்திப்புகளுக்குக் கீழே நிலத்தடித் தொட்டிகள் கட்டித் தண்ணீர் சேமித்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்தது. ‘அதான் குழாய் இருக்கே’ என்று தொட்டிகளைக் கவனிக்காமல் விட்டார்கள். பல தொட்டிகள் வறண்டன. சில குப்பையால் நிரம்பின.

இது ஆபத்து என்று கத்திக்கொண்டே இருந்தவர், தீயணைப்புத் துறைத் தலைவர் டென்னிஸ் சல்லிவன். தொட்டிகளைச் சரிசெய்ய வேண்டும், கடல் தண்ணீரை நகருக்குள் கொண்டுவரத் தனிக் குழாய்கள் போட வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டார். காசு ஒதுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. 1905-ல் காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பு ஓர் ஆய்வறிக்கை கொடுத்தது. ‘இந்த ஊர் இன்னும் எரியாமல் இருப்பதே அதிசயம்’ என்பதுதான் அதன் சாரம்.

அடுத்த ஆண்டே அந்த அதிசயம் முடிவுக்கு வந்தது. 1906, ஏப்ரல் 18, அதிகாலை 5.12. நிலநடுக்கம் வந்த அந்த நேரத்தில் சல்லிவன், புஷ் தெருவிலிருந்த தீயணைப்பு நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஹோட்டலின் மேல்பகுதி இடிந்து நிலையத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. இடிந்த தளத்தின் வழியே சல்லிவன் கீழே விழுந்தார். நான்கு நாள்கள் கழித்து மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. தீயைப் பற்றி ஊரிலேயே அதிகம் யோசித்த மனிதர், ஊர் எரிந்த நாள்களில் கட்டளையிட முடியாமல் படுக்கையில் கிடந்தார்.

வெளியே ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தீ. தண்ணீர்க் குழாய்கள் முறிந்துவிட்டன. வேறு வழி தெரியாமல் வீடுகளுக்கு வெடி வைத்துத் தகர்த்து, தீ பரவாமல் தடுக்கப் பார்த்தார்கள். வெடித்த இடங்களிலேயே புதிய தீ கிளம்பியது. மூன்று நாள்களுக்கு மேல் ஊர் எரிந்தது. 28,000 கட்டடங்கள் போயின. சுமார் 4 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பாதிக்கும் மேல் வீடிழந்தார்கள். இறந்தவர்கள் 3,000 பேராவது இருக்கும் என்பது பிற்கால ஆய்வுகளின் கணக்கு.

ஆனால், ஓரிடம் மட்டும் தப்பியது. துறைமுகக் கரை.

அதைக் காப்பாற்றியவர்கள் நகரத் தீயணைப்புத் துறையினர் மட்டும் அல்ல. கடற்படையினரும்தான். லெப்டினன்ட் பிரெடரிக் ஃப்ரீமன் என்ற அதிகாரி, ‘ப்ரெபிள்’ என்ற போர்க்கப்பலில் மாலுமிகளுடன் வந்து சேர்ந்தார். ‘ஆக்டிவ்’, ‘லெஸ்லி’ என்ற கடற்படையின் இழுவைப் படகுகளும் வந்தன. தண்ணீர் இறைக்கும் பம்புகள் அவற்றில் இருந்தன. மாநில அரசுக்குச் சொந்தமான தீயணைப்பு இழுவைப் படகு ஒன்றும் அவர்களோடு வேலை செய்தது. கரையோரமாகப் படகை நிறுத்தி, விரிகுடாத் தண்ணீரை உறிஞ்சி, நீண்ட குழாய்களில் தெருக்களுக்குள் தள்ளினார்கள். படகுத்துறைகளையும், மணிக்கூண்டு வைத்த ஃபெர்ரி கட்டடத்தையும் நெருப்பு தொடவிடவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது தப்பியோடியவர்களுக்குத்தான் தெரியும். மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த ஊர் அது. அந்தத் துறைகள் தப்பியதால்தான் பல்லாயிரக்கணக்கானவர்கள் படகேறி எதிர்க்கரை சேர்ந்தார்கள். அதே வழியில்தான் உணவும் மருந்தும் ஊருக்குள் வந்தன.

இறந்தவர் கேட்டது கிடைத்தது

சல்லிவன் உயிரோடு இருந்தபோது கிடைக்காத பணம், அவர் போன பிறகு கிடைத்தது. 1908-ல் மக்கள் வாக்களித்து, கடன் பத்திரம் மூலம் நிதி திரட்ட அனுமதி கொடுத்தார்கள். குடிநீர்க் குழாய்களோடு சம்பந்தமே இல்லாமல், தீயை அணைப்பதற்கென்றே இன்னொரு குழாய் வலை நகரின் அடியில் போடப்பட்டது.

அதன் அமைப்பு எளிமையானது. ட்வின் பீக்ஸ் என்ற குன்றின் உயரத்தில், சுமார் 4 கோடி லிட்டர் பிடிக்கும் நீர்த்தேக்கம். அதற்குக் கீழே இரண்டு இடங்களில் தொட்டிகள். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். உயரத்திலிருந்து தண்ணீர் தானாக இறங்கும் வேகமே போதும். அதுவும் போதாவிட்டால், கரையோரத்தில் இரண்டு பம்பு நிலையங்கள் விரிகுடாவின் உப்புத் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றும். அவையும் கைவிட்டால் கடைசி ஆயுதம், படகு. கரையில் ஆங்காங்கே பெரிய வாய் வைத்த இணைப்புகளை அமைத்தார்கள். படகு வந்து அதில் குழாயை மாட்டி, கடலை அப்படியே ஊருக்குள் தள்ளலாம்.

பழைய நிலத்தடித் தொட்டிகளும் உயிர்பெற்றன. புதியவையும் கட்டப்பட்டன. இன்றும் சான் பிரான்சிஸ்கோவின் தெருச் சந்திப்புகளில், ரோட்டின் நடுவே செங்கல்லால் பதித்த பெரிய வட்டங்களைப் பார்க்கலாம். சுற்றுலா வருபவர்கள் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே ஒரு தொட்டி தூங்கிக்கொண்டிருக்கிறது.

1909-ல் இரண்டு நீராவிப் படகுகள் கட்டப்பட்டன. ஒன்றுக்கு, நீண்ட காலம் தீயணைப்புத் துறையை நடத்திய டேவிட் ஸ்கானலின் பெயர். இன்னொன்றுக்கு டென்னிஸ் சல்லிவனின் பெயர். நகரத்தின் தீயணைப்புப் படகுப் பிரிவு அப்படித்தான் தொடங்கியது. 1915-ல் 22½-ம் எண் படகுத்துறையில் அவர்களுக்கு ஒரு நிலையம் கட்டப்பட்டது. ஆமாம், இருபத்திரண்டரைதான்! அங்கே அந்த எண் இன்றும் அப்படியே இருக்கிறது.

தீயணைப்புப் படகு என்பது பம்பு வைத்த வெறும் படகு அல்ல. படகின் அடிவயிற்றில் இருக்கும் திறப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பம்புகள் அதை அழுத்தி, மேல்தளத்தில் இருக்கும் நீர்ப் பீரங்கிகள் வழியாகச் சுடும். சாதாரணத் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் தீர்ந்துபோகும். இதற்குத் தீராது. ஆனால், வேறொரு தலைவலி உண்டு. அவ்வளவு தண்ணீரை முன்னால் அடிக்கும்போது, படகு பின்னால் தள்ளப்படும். எரிகிற கப்பலை நோக்கிப் பீரங்கியைத் திருப்பிவிட்டு, இன்ஜினையும் சுக்கானையும் விடாமல் சரிசெய்து, நிற்கிற இடத்திலேயே நிற்க வைக்க வேண்டும். அலை ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம், புகை கண்ணை மறைக்கும். படகோட்டியும் இன்ஜின் பார்ப்பவரும் ஒரே உடம்பின் இரண்டு கைகள் மாதிரி வேலை செய்தால்தான் முடியும்.

மரத்தூண்கள்மேல் மரப்பலகை பரப்பிய படகுத்துறைகள் நிறைந்த ஊரில் இவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. துறைக்கு அடியில் தீப்பிடித்தால் கரையிலிருந்து எந்த வண்டியாலும் எட்ட முடியாது. படகால் முடியும்.

ஒற்றைப் படகு

1950-களின் நடுவில் நீராவிக் காலம் முடிந்து, டீசலில் ஓடும் புதிய படகு வந்தது. 89 அடி நீளம். நகர முத்திரையில் இருக்கும் பறவையின் பெயரையே அதற்கு வைத்தார்கள் - ‘பீனிக்ஸ்’.

ஆனால், அது வந்த நேரம் சரியில்லை. சரக்குக் கப்பல் உலகமே மாறிக்கொண்டிருந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கிய காலம் போய், கன்டெய்னர்கள் வந்தன. அவற்றை அடுக்கப் பரந்த வெட்டவெளி வேண்டும். எதிர்க்கரை ஓக்லாந்தில் அது இருந்தது. குறுகலான சான் பிரான்சிஸ்கோ கரையில் இல்லை. கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓக்லாந்துக்குப் போய்விட்டன. துறைகள் வெறிச்சோடின. கப்பலே வராத துறைமுகத்துக்குத் தீயணைப்புப் படகு எதற்கு?

விழாக்களில் நீர்ப் பீரங்கிகளை வானத்தை நோக்கிப் பீய்ச்சி, குழந்தைகளைக் குஷிப்படுத்துவதுதான் பீனிக்ஸ் செய்யும் வேலைகளில் அதிகம் பேரின் கண்ணில் பட்டது. பட்ஜெட்டில் கத்தி வைக்க இடம் தேடுபவர்களின் பார்வை அதன்மேல் விழாமல் இருக்குமா? ‘நிறுத்திவிடலாமே’ என்ற பேச்சு எழுந்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வியில் தப்பே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே 1980-களில், தீயணைப்புத் துறை அதிகாரி ஃப்ராங்க் பிளாக்பர்ன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘அடுத்த நிலநடுக்கத்தில் தீயணைப்புக் குழாய் வலையும் உடைந்தால் என்ன செய்வது?’ பதிலை அவரே உருவாக்கினார். பூமிக்கு அடியில் குழாய் உடைந்தால், பூமிக்கு மேலே குழாய் போட வேண்டியதுதான்! ஐந்து அங்குல விட்டமுள்ள மடிக்கக்கூடிய ஹோஸ் பைப்புகளை லாரியில் அடுக்கி வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு. லாரி ஓட ஓடப் பின்னாலிருந்து குழாய் இறங்கிக்கொண்டே வரும். இடையிடையே கையால் தூக்கி வைக்கக்கூடிய ஹைட்ரன்ட்களை இணைத்துக்கொள்ளலாம். ஒரு முனையைத் தொட்டியில் வைக்கலாம், குளத்தில் வைக்கலாம்... படகிலும் மாட்டலாம்.

அந்த மாலை

இப்போது மறுபடி மரீனாவுக்கு வருவோம்.

1906-க்குப் பிறகு அவ்வளவு யோசித்துப் போட்ட தீயணைப்புக் குழாய் வலையும் அன்று காலை வாரியது. நகரின் இன்னொரு பகுதியில் அது உடைந்து, மரீனா பக்கம் தண்ணீர் தர வேண்டிய தொட்டி காலியாகிவிட்டது. முதலில் வந்த வண்டிகள், அருகிலிருந்த பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மண்டபத்துக் குளத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தன. போதவில்லை. தீ ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவியது. வரிசை வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய மரவீடுகள். ஒரு பலத்த காற்று அடித்தால் போதும்... 1906 திரும்பிவிடும்.

22½-ம் துறையிலிருந்து பீனிக்ஸ் கிளம்பியது. கரையை ஒட்டியே வடக்காகச் சுற்றி வந்து, மரீனாவின் பாய்மரப் படகுகள் நிற்கும் குறுகிய துறைக்குள் நுழைந்தது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த நேரம். அடித்தட்டு தரை தட்டினால் எல்லாம் முடிந்தது. படகை மெதுவாக உள்ளே நகர்த்தி, கரையோரமாக நிறுத்தினார்கள்.

பிளாக்பர்னின் லாரிகளும் வந்து சேர்ந்தன. குழாய்களை இறக்கினார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் குழாயை அசைக்க முடியாது. அதனால் காலியாக இருக்கும்போதே இழுத்துப் போட வேண்டும். ஆள் போதவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்கள் ஓடி வந்து குழாயில் கை வைத்தார்கள். ஆபீஸ் உடையிலிருந்தவர்கள், வீட்டை இழந்து தெருவில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்.

பிறகு பம்புகள் உறுமின. நிமிடத்துக்கு 22,000 லிட்டருக்கும் மேல் - கிட்டத்தட்ட இரண்டு பெரிய தண்ணீர் லாரிகள், ஒவ்வொரு நிமிடமும்! விரிகுடா, தெருக்களுக்குள் ஓடி வந்தது. சுற்றிலும் கரன்ட் இல்லாத கும்மிருட்டு. தீயின் வெளிச்சத்தில் உப்புத் தண்ணீர் மழையாகப் பொழிந்தது. சில மணி நேரத்தில் தீ கட்டுக்குள் வந்தது. பீனிக்ஸ் நிறுத்தவில்லை. விடிய விடிய இறைத்து, மறுநாளும் இறைத்தது.

அன்று மரீனாவில் சில கட்டடங்கள்தான் எரிந்தன. தீ அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை. அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. வழக்கமாக மாலையில் கடலிலிருந்து வீசும் காற்று அன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. காற்று இருந்திருந்தால் ஒரு படகு போதுமா? சான் பிரான்சிஸ்கோவில் பிறகு பலரும் கேட்டுக்கொண்ட கேள்வி இது.

அந்தக் கேள்வியின் பலன் சீக்கிரமே வந்தது. பெயரை வெளியிட விரும்பாத நன்கொடையாளர்கள் பணம் கொடுத்தார்கள். கனடாவின் வான்கூவர் நகரம் பயன்படுத்தி முடித்திருந்த, 1951-ல் கட்டிய தீயணைப்புப் படகு ஒன்றை 1990-ல் விலைக்கு வாங்கினார்கள். ‘கார்டியன்’ என்று பெயர். பீனிக்ஸை நிறுத்தும் பேச்சு காணாமல் போனது. ‘ஒன்று எதற்கு’ என்று கேட்ட ஊரில் இப்போது இரண்டு!

புதுப் படகும் பழைய கப்பலும்

இரண்டுக்கும் வயதாகிக்கொண்டே போனது. உதிரி பாகம் தேடுவதே பெரிய வேலையானது. 2016-ல் நகரம் தனக்கென்றே புதிதாக ஒரு படகைக் கட்டியது. பெயர் ‘செயின்ட் ஃப்ரான்சிஸ்’. நிமிடத்துக்குச் சுமார் 68,000 லிட்டர் இறைக்கும். பெயர் சூட்டு விழாவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள், அக்டோபர் 17.

2020, மே 23. கொரோனா ஊரடங்கால் சுற்றுலாப் பயணிகளே இல்லாத ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் பகுதி. விடிவதற்கு முன்பு, 45-ம் துறையிலிருந்த பெரிய கிடங்கு ஒன்று பற்றி எரிந்தது. நண்டு பிடிக்கும் மீனவர்கள் தங்கள் கூண்டுகளையும் கயிறுகளையும் வைத்திருந்த இடம். கிடங்கையொட்டி நின்றது ‘ஜெரிமையா ஓ’பிரையன்’ என்ற கப்பல். 1943-ல் கட்டியது. 1944-ல் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது சரக்கு சுமந்து போனது. அந்தப் படையிறக்கத்தின் 50-ம் ஆண்டு நிறைவுக்கு, 1994-ல் தன் சொந்த இன்ஜினிலேயே அங்கே மறுபடி போய் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த ரகத்தில் 2,700-க்கும் மேல் கட்டினார்கள். இன்று ஓடும் நிலையில் மிச்சமிருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

ஜுவாலை கப்பலின் பக்கவாட்டை நக்கிக்கொண்டிருந்தது. கரைப் பக்கமிருந்து நெருங்க வழியில்லை. செயின்ட் ஃப்ரான்சிஸ் வந்து, தீக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீரைச் சுவராக எழுப்பி நின்றது. கிடங்கு முழுதாகப் போனது. ஆயிரக்கணக்கான நண்டுக் கூண்டுகள் போயின. மீனவர்களுக்கு அந்த ஆண்டு பெரும் அடி. கப்பல் பிழைத்தது.

2022-ல் படகுப் பிரிவுக்குப் புதிய நிலையமும் கிடைத்தது. அதே 22½-ம் துறையில், 1915-ல் கட்டிய பழைய கட்டடத்துக்குப் பின்னால், 173 அடி நீள இரும்பு மிதவைமேல் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கடல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். பூமி குலுங்கினாலும் தாங்கும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். முன்னால் ரோட்டில் தீயணைப்பு வண்டி, பின்னால் தண்ணீரில் படகு.

கவிழ்ந்த படகிலிருந்து ஆட்களைத் தூக்குவது, குளிர்ந்த நீரில் தத்தளிப்பவர்களை மீட்பது, எப்போதாவது ஒரு விழாவில் வானத்தை நோக்கி நீர் பீய்ச்சுவது... அவர்களின் பெரும்பாலான நாள்கள் அப்படித்தான் போகின்றன. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 18 விடியற்காலையில், மிஷன் பகுதியின் 20-வது தெருவோரம் ஊர்க்காரர்கள் கூடி ஒரு ஹைட்ரன்ட்டுக்குத் தங்க நிறப் பெயின்ட் அடிக்கிறார்கள். 1906-ல், சுற்றுவட்டாரமெல்லாம் வறண்டு கிடந்தபோது தண்ணீர் கொடுத்த ஹைட்ரன்ட் அது.